டக்கென்று ஒட்டிக்கொண்ட ஊர்

தோழர் சவேரியாள் மஸ்கட்டிலிருந்து வந்த டேப்லட்டை அதன் கீபோர்டோடு முதன்முதலாகச் சேர்த்தபோது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதே டக்கில், கீழே டீக்கடையில் கடைக்காரர் சுயம்புவின் வலது தோள், பாக்கி கேட்க வந்த பால்காரர் அருளப்பனின் இடது தோளோடு ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் கண்டக்டரின் முழங்கை ஒரு மீன்காரியின் முதுகோடு ஒட்டியது. கோயில் தர்மகர்த்தாவும் சர்ச் உபதேசியாரும் எதிரெதிரே ஒதுங்கிக் கடந்துபோன சந்தில் இடுப்போடு இடுப்பாக நின்றார்கள். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, வாருபலகையைப் பிடித்தபடி, "என்னட்டி இது, தோளை எடு," "நீ எடு," என்று ஒருத்தியை ஒருத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, இழுபடாது என்று தெரிந்ததும் அப்படியே உப்பு வாரத் தொடங்கினார்கள். வேலை நின்றால் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவான் மேனேஜர். உடம்பு ஒட்டிக்கொண்டது என்று அவனிடம் போய் யார் சொல்வது?

இது எதுவும் சவேரியாளுக்குத் தெரியாது. அவள் டீக்கடைக்கு மேலே, சங்கத்தின் ஒற்றை அறையில், ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். வாலிப வயதில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிய விரல்கள் அவளுடையவை. எத்தனையோ வருடங்களாக உவர்த்துறை உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் துண்டறிக்கை ஒவ்வொன்றையும் அடித்த விரல்கள். அவள் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான். உபரி என்றால் என்ன, உரிமை என்றால் என்ன, ஆற்றில் அணை கட்டுவது யாருக்காக, எல்லாம் நாலாக மடித்த மட்டமான காகிதங்களில் படித்துத் தெரிந்துகொண்டவள். மஸ்கட்டிலிருந்து அதை அனுப்பிய தங்கச்சி மகள் ரெக்ஸி போனில், "பெரியம்மா, கீபோர்டோட சேர்த்தா சின்ன லேப்டாப், கழட்டினா வெறும் பலகை, உங்க இஷ்டம்," என்று சொல்லியிருந்தாள். சவேரியாளின் இஷ்டம் எப்போதும் கீபோர்டுதான். பின்னொரு நாள் அதைக் கழற்றிக் கையில் பிடித்துச் சுயம்புவுக்குக் காட்டுவதற்காகத் தலைகீழாகத் திருப்பினாள். எழுத்தெல்லாம் சுழன்று மறுபடி அவளுக்கே நேராக வந்து நின்றது. இன்னொரு தரம் திருப்பினாள். இன்னொரு தரம் சுழன்றது.

"பாத்தீராவே," என்றாள் சுயம்புவிடம். "எப்படிப் புரட்டிப் போட்டாலும் மேல இருக்கிறவன் மேலயேதான் வந்து நிக்கான். நாட்டுல நடக்கிறதை அப்படியே செஞ்சு வச்சிருக்கான்."

கீபோர்டோடு சேர்ந்திருக்கும்போது அது இந்தச் சேட்டையைச் செய்யாது. அதனால் அவள் சேர்த்தே வைத்து, பழைய மெஷினைக் குத்துவதுபோலக் குத்தி அடித்தாள். வரி முடிந்ததும் இடது கை தானாக எழும்பி, டைப்ரைட்டருக்கு உண்டான, இதில் இல்லாத காகித உருளையைத் தள்ளி, பக்கத்திலிருந்த டீ கிளாஸை ஜன்னல் வழியாகத் தெருவில் தள்ளும். சுயம்பு கடைசியில் அவளுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த முதல் நாளில் அவள் அடித்து முடித்து, திரையைக் கீபோர்டிலிருந்து பிடுங்கினாள். ஊர் முழுக்கச் சர்ரென்று, பழைய சுவரொட்டியை ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தத்தோடு எல்லோரும் பிரிந்தார்கள். கீழேயிருந்து சுயம்பு அண்ணாந்து, "யக்கா, இன்னொரு தரம் சேருங்க, பாப்போம்," என்றார். சேர்த்தாள். ஒட்டினார்கள். கழற்றினாள். பிரிந்தார்கள். உவர்த்துறைக்காரர்கள் காரணம் தேடி நேரத்தை வீணாக்குகிறவர்கள் இல்லை. கலெக்டர் மாறினால் ஏன் மாறினார் என்று கேட்டார்களா, கடல் நீர் கம்பெனிக்கு எப்படிச் சொந்தமானது என்று கேட்டார்களா? ஆகவே இதையும் கேட்காமல், இதோடு எப்படி வாழ்வது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

முதலில் விதிகளைக் கண்டுகொண்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒட்டும். ஒருவருக்கு ஒருவர்தான், மூன்றாவது ஆள் சேராது. தனியாக நின்று தப்பித்தவர் பிறகு இன்னொரு தனியாளிடம் போனால் அப்போது ஒட்டும். டேப்லட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் ஒட்டாது. "தலைமைன்னா அப்படித்தான், நாலு பேரை ஒண்ணு சேக்கிறவ தனியாத்தான் நிக்கணும்," என்று சவேரியாள் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கம் சொன்னாள். அந்த விளக்கம் அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு வாழத் தொடங்கினார்கள். சுயம்பு இரண்டு பக்கமும் உதடு வைத்துக் குடிக்கிற அகலக் கிளாஸில் ஜோடி டீ போட்டார். தையல்காரர் பவுல்பாண்டி மூன்று கை வைத்த சட்டை தைத்தார். நாலாவது கை எங்கே என்று கேட்டவர்களிடம், "அதான் ஒட்டியிருக்குல்லா, அதுக்கு எதுக்குத் துணி?" என்றார். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள், ஒட்டியபின் மூத்திரம் பெய்ய எந்தப் பக்கம் போவது என்று கேட்பதற்காகவே பேசத் தொடங்கி, பிறகு அப்பாவின் நிலத்தைப் பற்றியும் பேசினார்கள். மாமியாரும் மருமகளும் முதுகோடு முதுகு ஒட்டியதில் ஒருத்தி அடுப்பையும் ஒருத்தி வாசலையும் பார்த்துக்கொண்டு, முகம் பார்க்காமலே குடும்பம் நடத்தலாம் என்று கண்டுபிடித்து ஊருக்கே முன்மாதிரி ஆனார்கள். காதலிப்பவர்கள் சங்க அறையின் ஜன்னலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்று, "தோழர், இன்னிக்கு நோட்டீஸ் கிடையாதா?" என்று ஏங்கினார்கள். தர்மகர்த்தாவும் உபதேசியாரும் ஒரே நாளில் கோயில் கொடையும் சர்ச் திருவிழாவும் முடிக்க வேண்டியதாகி, இரண்டு பிரசாதமும் ஒரே தட்டில் வந்தது. அப்பமும் பொங்கலும் சேர்த்துத் தின்றவர்கள் அந்த ருசியைப் பற்றி வாரக்கணக்கில் பேசினார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆள் பார்த்துத் தள்ளி நின்று பழகியவர்கள் ஊரில் சிலர் இருந்தார்கள். இன்னார் நிழல் படக்கூடாது, இன்னார் தோள் படக்கூடாது என்று தெருவையே கோடு போட்டு நடந்தவர்கள். அவர்கள் பட்டப்பகலில் குடையை விரித்துச் சுற்றிலும் இடைவெளி காத்துக்கொண்டு போனார்கள். குடை விற்பனை சக்கைப்போடு போட்டது. சங்க அறையில் டக் என்றதும் குடையும் குடையும் கம்பியோடு கம்பி சிக்கி, கீழே இரண்டு மனிதர்கள் தொங்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றினார்கள். அதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். சவேரியாள் ஜன்னலிலிருந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழற்றாமல் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே அடித்தாள்.

"யக்கா! கழட்டுங்க! அவசரம்!" என்று தெருவிலிருந்து கத்துவார்கள்.

"ஒற்றுமைன்னா சும்மாவா? பொறுங்கடே!"

ஊரே ஒட்டியும் பிரிந்தும் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, ஒட்டாமல் திரிந்த ஒரே ஆள் தோழர் பொன்னுலிங்கம். டக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் தெருவின் நட்டநடுவில், கை நீட்டினாலும் யாரும் எட்டாத தூரத்தில், விறைத்துக்கொண்டு நடந்தார். அவர் ஒரு காலத்தில் சவேரியாளைத் தவிர யாரையும் அக்கா என்று அழைத்ததில்லை. இருவரும் ஒரே லாக்கப்பில் ஒரே பொட்டலச் சோறு தின்றவர்கள். பிரிந்தது கொள்கையால் என்று இருவரும் மேடையில் சொன்னார்கள். ஊருக்கு உண்மை தெரியும். ஒரு மே தின நோட்டீஸில் சவேரியாள் பெயர் மேலே கொட்டை எழுத்தில் வந்தது. பொன்னுலிங்கத்தின் பெயர் அதற்குக் கீழே, பொடி எழுத்தில், சவுண்டு சர்வீஸ்காரர் பெயருக்குப் பக்கத்தில் வந்தது. மறுவாரமே அவர் புதுச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் முதல் நோட்டீஸில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. என்ன கூட்டம், எங்கே, எப்போது என்பதற்குக்கூட இடம் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு அவள் அவருக்கு 'அந்தம்மா'. அவர் அவளுக்கு 'அந்த ஆளு'.

இதில் லாபம் மேனேஜர் கிருபாகரனுக்கு. உப்பளத்தில் நிழலுக்கு ஒரு கூரை வேண்டும், குடிக்கத் தண்ணீர் வண்டி வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை, இத்தனை வருடமும் இதே கோரிக்கை. அவள் சங்கம் மனு கொடுத்தால் அவன் சிரித்து, "அவங்களையும் கேட்கணுமே," என்பான். அவர் சங்கம் கொடுத்தாலும் அதே சிரிப்பு. இந்தக் கோடையில் மாசியிலேயே வெயில் ஏறிவிட்டது. பாத்தியின் வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்த, உப்பு வாரிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் வாருபலகையோடு குப்புற விழுந்தாள். அன்று அவளோடு தோள் ஒட்டியிருந்தவளும் சேர்ந்து விழுந்தாள். இரண்டு பேரையும் ஒரே கட்டிலில் போட்டு உப்புத் தண்ணீர் காய்ந்த முகத்தைத் துடைத்தார்கள். மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு சங்கமும் ஒரே காகிதத்துல, ஒரே மனுவா, நாளைக் காலைக்குள்ள கொடுங்க, பாக்கிறேன். இல்லேன்னா இந்தக் கோடைக்கு மறந்திருங்க," என்று சொல்லிப் போனான். அது நடக்காது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒட்டு விட்ட பிறகு எழுந்து உட்கார்ந்த இசக்கி நேரே சங்க அறைக்கு ஏறினாள். சவேரியாள் மறுபடி சேர்த்து அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

"யக்கா, அந்த அண்ணன்கூடப் பேசுங்க."

"எந்த அண்ணன்?"

"ஒங்களுக்குத் தெரியும்."

"ஏட்டி இசக்கி, அந்த ஆளோட நான் ஒட்ட முடியாது. கொள்கை இருக்கு."

இசக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க எல்லாம் ஒட்டிக்கிட்டுத்தானேக்கா இருக்கோம். யார்கூட ஒட்டுதியன்னு எங்களை யாராச்சும் கேட்டாவளா? எம்புருசன் யார்கூட ஒட்டுனாருன்னு தெரியுமா? அவரு கடன் வாங்குன சேட்டுகூட. ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனித் தோலா?"

வாழ்நாளெல்லாம் மைக்கில் கேள்வி கேட்ட சவேரியாளுக்கு, மைக் இல்லாமல் வந்த இந்தக் கேள்வி சுருக்கென்றது. கோபம் வந்தது. திரையைக் கீபோர்டிலிருந்து பிடுங்கி மேஜையில் போட்டுவிட்டு, விடுவிடுவென்று கீழே இறங்கினாள். அங்கே, கடைக்கு முன்னால், தெருவின் நடுவில், பொன்னுலிங்கம் தனிக் கிளாஸில் தனி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வே, நாளைக்கு மனு கொடுக்கணும். கையெழுத்துப் போடுவீரா?"

"போடலாம்," என்றார் அவர் வானத்தைப் பார்த்து. "யார் பேரு மொதல்ல வருது?"

"வயசுக்கு மூத்தவ பேரு."

"ஆள்பலத்துல மூத்தது எங்க சங்கம்."

"ஆள்பலமா? ஒம்ம கூட்டத்துக்கு வந்ததுல பாதி சவுண்டு செட்டுக்காரன்!"

"அந்தப் பாதியாச்சும் முழுசாக் கேட்டான். ஒங்க கூட்டத்துல ஒங்களுக்கே தூக்கம் வந்து நின்னீங்களே, அது தெரியாதா?"

பேச்சு முற்ற முற்ற இருவரும் ஓரடி ஓரடியாக நெருங்கினார்கள். வசவு என்பது கிட்டே போனால்தான் ருசி. சுயம்புவும் அருளப்பனும் ஜோடி டீயை மறந்து பார்த்தார்கள். தெருவில் கூட்டம் கூடியது. சவேரியாள் ஆள்காட்டி விரலை நீட்டி, "நீர் ஒரு கருங்காலி!" என்றாள். பொன்னுலிங்கமும் விரலை நீட்டி, "நீங்க ஒரு கொட்டை எழுத்து!" என்றார். இரண்டு விரலும் நுனியோடு நுனி வந்து நின்ற கணத்தில், மாடி ஜன்னலில் இசக்கியம்மாள் திரையைக் கீபோர்டோடு சேர்த்தாள்.

டக்.

தெருவே தன் ஜோடியோடு ஒட்டிக்கொண்டு, ஒட்டிய கையாலேயே கைதட்டியது. சவேரியாள் இழுத்தாள். பொன்னுலிங்கம் இழுத்தார். விரல் நுனி இரண்டும் ஒரே விரல்போல் நீண்டு நின்றன. "ஏட்டி, கழட்டு!" என்று அவளும், "ஏம்மா, கழட்டு!" என்று அவரும் ஒரே குரலில் கத்தினார்கள். வருடங்களுக்குப் பிறகு இரண்டு சங்கமும் ஒன்றுசேர்ந்து எழுப்பிய முதல் கோஷம் அதுதான். கூட்டம் அதை எடுத்துக்கொண்டு, "கழட்டாதே! கழட்டாதே!" என்று பதில் கோஷம் போட்டது.

"மனு அடிச்சு முடிங்க, கழட்டுதேன்," என்றாள் இசக்கி மேலிருந்து.

முகத்துக்கு முகம், விரலுக்கு விரல், நண்டுகள்போலப் பக்கவாட்டில் படியேறி, மேஜையின் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாக உட்கார்ந்தார்கள். நடுவில் டேப்லட்டை விரித்துப் படுக்கப் போட்டாள் இசக்கி. சவேரியாள் மிச்சமிருந்த கையால் அடித்தாள். பொன்னுலிங்கம் மிச்சமிருந்த கையால் நெற்றியைத் தேய்த்தபடி, தலைகீழாகவே படித்துத் திருத்தினார். "தண்ணீருக்கு முன்னால 'சுத்தமான' போடுங்க. இல்லேன்னா கடல் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்துவான்." அவள் போட்டாள். "கூரைன்னு மட்டும் எழுதாதீங்க, 'நான்கு பக்கமும் காற்று வரும்' கூரைன்னு எழுதுங்க." அவள் அதையும் போட்டாள். நல்ல திருத்தம். முன்பும் அவர் நல்ல திருத்தம்தான் சொல்வார். அது ஞாபகம் வந்ததில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் பெயர்கள். அவள் தன் பெயரை அடித்து, அதன் கீழே உப்பளத்துப் பெண்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக அடித்து, கடைசி வரியில் அவர் பெயரை அடித்தாள். அடித்துவிட்டு, சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தாள்.

பொன்னுலிங்கத்தின் முகம் மலர்ந்திருந்தது.

"சரியா இருக்கு," என்றார். "இங்கேருந்து பாத்தா என் பேருதான் உச்சியில. நீங்க அடியில கெடக்கீங்க."

அவள் குனிந்து பார்த்தாள். அவள் பக்கத்திலிருந்து அவள் உச்சியில். அவர் பக்கத்திலிருந்து அவர் உச்சியில். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். முடியவில்லை. அவருக்கும் முடியவில்லை. இருவரும் குலுங்கியதில், ஒட்டிய விரல் நடுவில் நடுங்கி ஆடியது. மனுவை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, அடியோடு அடி சேர்த்து ஒட்டி, ஒரே தாளில் இந்தப் பக்கம் ஒரு தடவையும் தலைகீழாக ஒரு தடவையும் வரும்படி, சீட்டுக்கட்டு ராஜாவைப்போல அடித்தார்கள். தலைகீழாக வருகிற பாதியில் அவர் பெயர் முதலில், அவள் பெயர் கடைசியில். எப்படிப் பிடித்தாலும் ஒருத்தர் மேலே.

மனு கொடுக்கிறவரைக்கும் கழட்ட மாட்டேன் என்று இசக்கி சொல்லிவிட, மறுநாள் காலையில் ஒட்டியபடியே ஊர்வலம் கிளம்பியது. இசக்கி டேப்லட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழற்றாமல், முன்னால் நடந்தாள். பின்னால் சவேரியாளும் பொன்னுலிங்கமும் விரல் நீட்டியபடி, அவள் முன்னோக்கியும் அவர் பின்னோக்கியும் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தோள் ஒட்டியவர்கள், இடுப்பு ஒட்டியவர்கள், முதுகு ஒட்டிய மாமியாரும் மருமகளும், மூன்று கைச் சட்டைக்காரர்கள், குடையில் தொங்கியவர்கள், தர்மகர்த்தாவும் உபதேசியாரும். அதுவரை ஊர்வலத்தை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள்கூட, தங்கள் ஜோடி ஊர்வலத்தில் இருந்ததால், தாங்களும் இருக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கூட்டத்தைச் சவேரியாள் தன் ஆயுளில் கண்டதில்லை. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. அவரைப் பார்த்தபடியே நடக்க வேண்டியிருந்ததால் முடியவில்லை.

"தம்பி," என்றாள், வாய் தவறியதுபோல. "பின்னால எவ்வளவு பேரு?"

பொன்னுலிங்கம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பஸ் ஸ்டாப் வரைக்கும் தலைதான்கா தெரியுது."

மேனேஜர் கிருபாகரன் குளிர்ந்த அறையில், நீள மேஜைக்கு அப்பால், தனியாக இருந்தான். மனுவை வாங்கித் திருப்பினான். மறுபடி திருப்பினான். "எது மேல்பக்கம்?"

"நீங்க எப்படிப் பிடிக்கிறியளோ அது," என்றன இரண்டு சங்கமும் ஒரே குரலில்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று தாளை நீட்டினான். அதை வாங்குவதற்காக இசக்கி டேப்லட்டை மேஜைமேல் வைத்தாள். கை காலியானது. அவனுடைய மணிக்கட்டும் அவளுடைய முழங்கையும் கச்சிதமாக ஒட்டிக்கொண்டன.

"என்னம்மா இது! கழட்டு!"

"வேலைக்கு நேரமாச்சு சார். லேட்டா வந்தா கேட்டுக்கு வெளியேன்னு நீங்கதானே போர்டு வச்சிருக்கிய," என்று அவள் நடந்தாள். அவனும் நடந்தான். வேறு என்ன செய்வான்? போலிஷ் போட்ட ஷூவோடு பாத்தியில் இறங்கினான். அவள் உப்பு வாரினாள். அவன் கை கூடவே போய் வந்தது. மேலே வெயில், கீழேயிருந்து வெயில், கண்ணுக்குள் வெயில். கொஞ்ச நேரத்தில் அவன் உதடு வெடித்தது.

"தண்ணி," என்றான்.

"அது மனுவுல இருக்கு சார்," என்றாள் இசக்கி.

பாத்திக்குப் பாத்தி பெண்கள் ஜோடி ஜோடியாகச் சிரித்தார்கள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைக் கொடுத்தாள். அது டீ போடுகிற சூட்டில் இருந்தது. குடித்துவிட்டு, "கொஞ்சம் நிழல்ல நிக்கலாமா?" என்று சுற்றிலும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அவனே தேடி, அவனே கண்டுபிடிக்காமல், "அதுவும் மனுவுலதானா?" என்றான். ஆமாம் என்றார்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வரப்பில் நின்று, இசக்கியின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். இரண்டு பக்கமும் போடச் சொன்னார்கள். போட்டான்.

இசக்கி அவனை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பி, டேப்லட்டைக் கீபோர்டிலிருந்து பிடுங்கினாள். சர்ரென்று உவர்த்துறை முழுவதும் பிரிந்தது. பிரிந்தவர்கள் கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார்கள். சுயம்பு பழக்கதோஷத்தில் அருளப்பனோடு வீடுவரை போய்த் திரும்பினார்.

பாத்தி ஓரத்தில் சவேரியாளும் பொன்னுலிங்கமும் மட்டும் விரலை எடுக்கவில்லை. ஒட்டு விட்டுவிட்டது, இருவருக்கும் தெரிந்தது. விரல் நுனிகள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன.

"எடும் தம்பி, ஒட்டு விட்டுட்டுல்லா."

"நீங்க மொதல்ல எடுங்கக்கா."

"நான் ஏன் மொதல்ல எடுக்கணும்? நீர் எடும்."

"மொதல்ல வரணும்னு சொன்னவக நீங்கதானே?"

யார் முதலில் எடுப்பது என்பது தீராத பிரச்சினையாக இருந்ததால் அவர்கள் அப்படியே நின்றார்கள். தண்ணீர் வண்டி வந்தது, நின்றார்கள். சிமெண்டும் தகரமும் வந்து இறங்கின, நின்றார்கள். வேறு வழியில்லாமல் கொத்தனார்கள் அவர்களைச் சுற்றியே தூண் நட்டு, நான்கு பக்கமும் காற்று வரும் கூரையை அவர்கள் தலைக்கு மேல் போட்டார்கள். இப்போது மத்தியான நேரத்தில் உப்பளத்துப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து, சுத்தமான தண்ணீர் குடித்து, காலை நீட்டி ஊர்க்கதை பேசுகிறார்கள். யார் முதலில் எடுக்க வேண்டும் என்று நடுவில் இரண்டு குரல்கள் சளைக்காமல் வாதாடிக்கொண்டிருக்கின்றன. சுயம்பு ஆளுக்கொரு டம்ளர் டீயை வாயருகே பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம்வரை நீண்டு, வளையாமல் நிற்கிற அந்த இரண்டு கைகளில், பெண்கள் வரிசையாகத் தங்கள் தூக்குவாளிகளை மாட்டிவைக்கிறார்கள்.